வணிகம் பயிலும் பிள்ளைகளும் பொதுநல உணர்வும்

(ஜொகூர் பாருவில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நன்கொடை வழங்குகின்ற அன்பர்களில் பலருடைய மனத்தில் ஒரு கேள்வி இருக்கின்றது. வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு. மருத்துவம் படிக்கின்ற பிள்ளைக்கு உதவினால் நாளை அவன் நாலு பேருடைய நோயைத் தீர்ப்பான். ஆசிரியப் பயிற்சிக்கு உதவினால் நாலு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பான். வணிக நிருவாகம் படிக்கின்ற பிள்ளைக்கு உதவினால் அவன் யாருக்கு என்ன செய்வான்? தன் பையை நிரப்பிக் கொள்ளத்தானே அந்தப் படிப்பு? அதற்கு அறப்பணம் எதற்கு? இதுதான் அந்தக் கேள்வி.

முப்பது ஆண்டுகள் இந்த ஜொகூரில் வணிக நிருவாகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். "நிறுவனங்களில் மாற்றம்" என்பது நான் நடத்திய பாடம். ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. கல்விமான்களே இதைக் கேட்டு, சோதனை நடத்திப் பார்த்திருக்கின்றார்கள். அவர்கள் கண்டதை முதலில் சொல்லுகின்றேன்.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்வெல், ஏம்ஸ் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் சில வில்லைகளைக் கொடுப்பார்கள். அவற்றைத் தனக்கென்று வைத்துக் கொள்ளலாம். அல்லது பொது உண்டியலில் போடலாம். உண்டியலில் சேர்ந்தது பெருகி எல்லோருக்கும் பங்காகக் கிடைக்கும், போடாதவருக்கும் சேர்த்துத்தான். பொதுவாக மாணவர்கள் தங்களிடம் இருந்ததில் 49 விழுக்காட்டைப் பொதுவில் போட்டார்கள். பொருளியல் முதுநிலை மாணவர்கள் போட்டதோ 20 விழுக்காடுதான். எவ்வளவு போடுவது நியாயம் என்று கேட்டபோது, அந்தப் பொருளியல் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் பதில் சொல்ல மறுத்தார்கள். அல்லது யாருக்கும் புரியாத பதிலைச் சொன்னார்கள். அந்த 20 விழுக்காட்டை விட இந்த மௌனம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

1993இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் பிராங்க், கிலோவிச், ரீகன் மூவரும் வேறொரு விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். கூட்டாளியோடு ஒத்துழைத்தால் இருவருக்கும் நன்மை. அவனைக் கைவிட்டால் தனக்கு மட்டும் கூடுதல் நன்மை. பொருளியல் மாணவர்களில் 60 விழுக்காட்டினர் கைவிட்டார்கள். மற்றவர்களில் 39 விழுக்காட்டினர்.

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்று நன்கொடையாளர்கள் சொல்லுவீர்கள். சற்றுப் பொறுங்கள். 1996இல் மறுபக்கம் வந்தது. வாஷிங்டனில் சில ஆசிரியர்கள் முகவரி எழுதி அஞ்சல் தலை ஒட்டிய உறைகளில் பத்துப் பத்து டாலரை வைத்து, யாரோ தவற விட்டது போல வகுப்பறைகளில் போட்டு வைத்தார்கள். பொருளியல் வகுப்புகளில் போட்ட உறைகளில் 56 விழுக்காடு பணத்தோடு திரும்பி வந்தன. பிற வகுப்புகளில் 31 விழுக்காடுதான். விளையாட்டில் தன்னலம் காட்டிய கூட்டம், கீழே கிடந்த பிறர் பணத்தைக் கண்டபோது நேர்மையாக நடந்து கொண்டது! விளையாட்டில் வெல்ல நினைப்பதை வைத்து ஒருவன் குணத்தை எடை போடக் கூடாது என்று இதிலிருந்து நான் எடுத்துக் கொண்டேன்.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் மதிப்பது சூரிச் நகர ஆய்வை. பிரை, மையர் என்ற இருவர் 2003இல் வெளியிட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு தவணையும் கட்டணம் கட்டும்போது, ஏழை மாணவர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உள்ள இரண்டு நிதிகளுக்குச் சிறு தொகை தர விரும்புகின்றாயா என்று எல்லா மாணவர்களையும் கேட்பார்கள். விளையாட்டு அல்ல; சொந்தப் பணம். வணிகம் படித்தவர்கள் மற்றவர்களை விடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் பாடம் படித்துப் படித்து அப்படி ஆகவில்லை. முதல் தவணையில், ஒரு பாடமும் படிக்காத போதே அப்படித்தான் இருந்தார்கள். படிப்பு அவர்களைக் கெடுக்கவில்லை; திருத்தவும் இல்லை.

"திருத்தவும் இல்லை" என்பதுதான் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு உறைக்க வேண்டியது. கல்கத்தாவில் பிறந்து இலண்டனில் பேராசிரியராக இருந்த சுமந்திர கோஷால் 2004இல் மறைந்தார். மறுவருடம் வெளிவந்த அவருடைய கட்டுரை வணிகப் பள்ளிகளையே சாடியது. மனிதர்கள் தன்னலத்தால் மட்டும் இயங்குகின்றார்கள் என்ற எண்ணத்தின் மேல் கட்டிய பாடங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மாணவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்து விட்டோம் என்றார். நம்மவர் ஒருவர், துறையின் உள்ளேயே இருந்து சொன்னது அது.

சரி, திருத்துவது எப்படி? இங்கேதான் நான் நடத்திய பாடம் உதவிக்கு வருகின்றது. நிறுவன மாற்றம் என்றவுடன் இன்றைய மாணவர்கள் ஹார்வர்டின் ஜான் கோட்டர் சொன்ன எட்டுப் படிகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நான் அவர்களை அதற்கும் பின்னே, 1940களுக்கு அழைத்துப் போவேன்.

கர்ட் லெவின் என்ற யூத அறிஞர் 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போனவர். உலகப் போரின் போது நல்ல இறைச்சி தட்டுப்பாடானது. குடும்பத் தலைவிகள் வழக்கமாக ஒதுக்குகின்ற ஈரல், இருதயம் போன்ற பகுதிகளைச் சமைக்க வைக்க அரசாங்கம் முயன்றது. (அறப்பணி மலரில் இறைச்சிக் கதையா என்று சைவப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும், ஆய்வு அதைப் பற்றியது, நான் என்ன செய்வது!) சில குழுக்களுக்கு அருமையான சொற்பொழிவு நடத்தினார்கள். சில குழுக்களை உட்கார வைத்து, தாங்களே பேசித் தாங்களே முடிவெடுக்கச் செய்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினர்தான் அதுவரை சமைத்திராத ஒன்றைச் சமைத்துப் பார்த்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர் சமைத்தார்கள். சொற்பொழிவு ஆற்றிக் கொண்டிருக்கின்ற எனக்கு இந்தக் கணக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை.

லெவின் 1947இல் காலமானார். அவர் வழியில் வந்த லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் இருவரும் மறுவருடம் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. வெர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்னும் தையல் ஆலை. இரவில் உடுத்துகின்ற உடைகள் தைப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். வேலை முறையை மாற்றும் போதெல்லாம் தகராறு. ஆய்வாளர்கள் தொழிலாளர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவைக் கூப்பிட்டு, "இன்று முதல் வேலை இப்படி, கூலி இப்படி" என்று காரணத்தோடு விளக்கிச் சொன்னார்கள். வேறு குழுக்களில் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்து, மாற்றத்தை எப்படிச் செய்யலாம் என்று அவர்களையே யோசிக்கச் சொன்னார்கள். சொல்லி அனுப்பிய குழுவில் வேலை படுத்துவிட்டது, சச்சரவு வந்தது, நாற்பது நாளில் 17 விழுக்காட்டினர் விலகிப் போனார்கள். கலந்து பேசிய குழுக்களிலோ ஒருவரும் விலகவில்லை. உற்பத்தி பழைய அளவை விட ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தது.

பலர் இதோடு புத்தகத்தை மூடி விடுவார்கள். பிறகு நடந்ததுதான் விசேஷம். தகராறு செய்த அந்த முதல் குழுவில் எஞ்சியவர்களை இரண்டரை மாதம் கழித்து மறுபடியும் சேர்த்தார்கள். இன்னொரு மாற்றம் வந்தது. இந்த முறை அவர்களையும் கலந்து பேச வைத்தார்கள். அவர்களும் விரைவில் நல்ல உற்பத்தி காட்டினார்கள். அதே பெண்கள், அதே கைகள். முதலில் அவர்களை யாரும் கேட்கவில்லை, பிறகு கேட்டார்கள்.

அன்பர்களே, வெர்ஜீனியாவுக்குப் போய் இதைத் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. நம் நாட்டுத் தோட்டங்களிலேயே இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கின்றது. நடத்தியவர் ஜொகூர் அரச குடும்பத்தோடு உறவுடையவர், ஜொகூரில் கல்வி கற்றவர், பேராசிரியர் உங்கு அசிஸ். பின்னாளில் 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து, 2020 டிசம்பரில் மறைந்தவர். ஒரு குடும்பத்தின் வறுமையை அளக்க அந்த வீட்டில் எத்தனை சாரோங் இருக்கின்றது என்று எண்ணிப் பார் என்று சொன்னவர். வறுமையை வீட்டுக்குள் போய்ப் பார்த்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

1950களில், குறிப்பாக 1957இல் சுதந்திரம் வந்ததை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்று இலாபம் பார்த்தார்கள். இதைத்தான் நம் மக்கள் "தோட்டத் துண்டாடல்" என்றார்கள். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. நூறு ஏக்கருக்குக் குறைந்தால் அது கணக்கில் தோட்டமே அல்ல, சிறுதோட்டம். தோட்டம் என்ற பெயர் போனால் லயமும், தண்ணீரும், ஆஸ்பத்திரியும், தமிழ்ப்பள்ளியும், தோட்டத்துக் கோயிலும் யார் பொறுப்பு என்பதும் போய்விடும். சம்பளப் பட்டியலில் இருந்தவர் குத்தகைக் கூலி ஆவார். அல்லது மூட்டை கட்டுவார்.

1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதியதை, மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை 1962இல் வெளியிட்டது. வாங்கியவனுக்கு என்ன கிடைத்தது, விற்றவனுக்கு என்ன கிடைத்தது என்பதோடு நின்றுவிடாமல், லயத்தில் இருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்ட ஆய்வு அது. வணிக நிருவாகத்தில் "நிறுவன மாற்றம்" என்று நாங்கள் பெயரிட்டுப் பாடம் நடத்துவதற்கு எத்தனையோ காலம் முன்னால் வந்தது. என் மாணவர்களிடம், இந்த நாட்டில் இந்தத் துறையின் முதல் புத்தகம் இது என்றே வைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லுவேன்.

ஆய்வு ஒரு பக்கம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் துண்டாடலை எதிர்த்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மந்திரியாக இருந்து கொண்டே தோட்டம் தோட்டமாகப் போனார். விற்பனைக்கு வருகின்ற தோட்டத்தை நாமே வாங்குவோம், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ப்போம் என்றார். பால் வெட்டுகின்றவனா தோட்டம் வாங்குவான் என்று சிரித்தவர்கள் உண்டு. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி, சங்கம் வாங்கிக் காட்டியது.

நான் லயத்தில் பிறந்தவன். என் தகப்பனாரும் அந்தச் சங்கத்தில் ஓர் உறுப்பினர். எங்கள் தோட்டம் கைமாறிய போது ஆபீஸ் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள், அவ்வளவுதான். புது முதலாளி யார் என்பதே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது என்று அவர் சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத அதே மனிதர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போவதென்றால் முதல் நாளே சட்டையைத் துவைத்துப் போடுவார். கூட்டுறவில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான் என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கம்பெனிச் சட்டத்தில் பங்குக்கு ஒரு வாக்கு, கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. இந்த வேறுபாட்டை நான் முதலில் கற்றது அவரிடம்தான். புத்தகம் பிறகு வந்தது.

கூட்டுறவு என்றால் எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. 1986இல் இந்த நாட்டில் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, இலட்சக்கணக்கான மக்கள் தவித்தார்கள். அவர்களுக்கும் வாக்கு இருந்தது. கணக்கைத்தான் காலத்தில் யாரும் பார்க்கவில்லை. இதை மனத்தில் வைத்திருங்கள். பிறகு இதற்கு வருகின்றேன்.

தோட்டங்களில் அதற்குப் பின்னும் மாற்றங்கள் வந்து கொண்டே இருந்தன. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனியை நம் நாட்டு முதலீட்டு நிறுவனம் சில மணி நேரத்தில் வாங்கியது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி அது. லயாங்-லயாங் பக்கத்து உலு ரெமிஸ் போன்ற ஜொகூர்த் தோட்டங்கள் அதனுடையவை. நாட்டுக்கு அது பெருமையான நாள், மறுக்கவில்லை. 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி மூன்றும் ஒன்றாயின. 2017இல் தோட்டப் பகுதி தனியாகப் பிரிந்தது. 2024இல் அதற்கு எஸ்டி கத்ரி என்று பெயர் சூட்டினார்கள். போன பெயர் சுற்றிக் கொண்டு திரும்பி வந்துவிட்டது! ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நாம் இப்போது கூடியிருக்கின்ற இந்த ஜொகூர் பாருவைச் சுற்றிலும் எத்தனை தாமான்கள் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தவை என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும்.

1981 நிகழ்ச்சி வணிக வகுப்புகளில் புகழ்பெற்ற பாடம். பங்கு விலை என்ன, எத்தனை விழுக்காடு கைக்கு வந்தால் ஆட்சி மாறும், தரகர்கள் எப்படி இரகசியம் காத்தார்கள் என்றெல்லாம் மாணவர்கள் சுறுசுறுப்பாகக் கணக்குப் போடுவார்கள். நான் ஒரு கேள்வி சேர்ப்பேன்: அன்று காலை அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக் கொண்டிருந்தவர்களுக்கு எப்போது செய்தி தெரிந்தது? வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு வருடம் ஒரு மாணவி, தன் பாட்டியைக் கேட்டு வருகின்றேன் என்று போனாள். திரும்பி வந்து, "சார், பாட்டிக்கு நினைவு இருப்பது கிராணி மாறியது மட்டும்தான்" என்றாள். அந்தப் பெண் எடுத்த ஆய்வுத் தலைப்பு அதன் பிறகு மாறிவிட்டது. சூரிச் ஆய்வில் படிப்பு யாரையும் திருத்தவில்லை என்றார்களே, அது ஏட்டுப் பாடத்தைப் பற்றிய செய்தி. வீட்டுக்குப் போய்க் கேட்டு வருகின்ற பாடம் வேறு என்பது என் அனுபவம்.

இளைஞர்களுக்குப் பொதுநலம் இல்லை என்று குறை சொல்லுகின்ற நாம், அவர்களை எவ்வளவு கேட்டிருக்கின்றோம்? 1971இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1975இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அரசியல் கட்சிக்கு ஆதரவு காட்டினாலே மாணவன் மேல் நடவடிக்கை வரும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 2012இல் கட்டு தளர்ந்தது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் இன்னும் தளர்த்தியது. ஏறத்தாழ நாற்பது வருடம் "படி, வாயைத் திறக்காதே" என்று சொல்லி வளர்த்துவிட்டு, இவர்களுக்கு நாட்டுப் பற்று இல்லையே என்று கேட்பது என்ன நியாயம்? ஹார்வுட் ஆலையின் முதல் குழுவை ஒதுக்கி வைத்துவிட்டு, இவர்கள் தகராறுக்காரர்கள் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

பதினெட்டு வயதுக்கு வாக்குரிமை தரும் திருத்தம் 2019இல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதினர் முதன்முதலாக வாக்களித்த மாநிலத் தேர்தல் நம் ஜொகூர்த் தேர்தல்தான். 2022 மார்ச் 12. வாக்களித்தோர் மொத்தத்தில் சுமார் 55 விழுக்காடு. தொற்றுநோய்க் காலம், சிங்கப்பூரில் வேலை, போக்குவரத்துத் தடை என்று காரணங்கள் சொன்னார்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் ஒன்றை நான் சொல்ல வேண்டும். வாக்குச் சீட்டு ஒரு நாள் வேலை. பழக்கம் அதற்கு முன்னால் சிறு இடங்களில் வர வேண்டும். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அந்தச் சிறு இடங்கள் இருந்தன. திருவிழாவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். எவ்வளவு செலவாயிற்று என்பதையும் படிக்கச் சொல்லி யாராவது ஒரு கிழவர் எழுந்து நிற்பார். தாமான் வீடுகளில் வளர்ந்த இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கிழவரைத் தெரியாது.

இப்போது நன்கொடையாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது. உபகாரச் சம்பளம் வாங்குகின்ற பிள்ளை பிறகு சமூகத்துக்குச் சேவை செய்வேன் என்று கையெழுத்திட வேண்டும் என்று ஓர் ஆலோசனை உங்களிடையே இருப்பதாக அறிகின்றேன். வேண்டாம் என்பது என் கருத்து. அது சொல்லி அனுப்பிய குழு. ஆண்டுக்கு ஒரு முறை கூட்டி வைத்து நன்னெறிச் சொற்பொழிவு என்றால், அது 3 விழுக்காட்டுக் கூட்டம்.

அவர்கள் எதைப் படிக்கின்றார்களோ அதையே கேளுங்கள். சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற எந்த அமைப்பும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்கைச் சங்கப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நம் கோயில்களிலும் சங்கங்களிலும் அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் பொருளாளர்கள் படுகின்ற பாடு எனக்குத் தெரியும். கணக்கியல் படிக்கின்ற பிள்ளையிடம் வரவுப் புத்தகத்தைக் கொடுங்கள். பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பு கண்டுபிடித்தால் கோபித்துக் கொள்ளாதீர்கள். 1986இல் அப்படிக் கேட்கின்ற பிள்ளைகள் இல்லாமல்தான் மக்கள் பணம் போயிற்று. அத்தோடு, உபகாரச் சம்பளத்துக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற குழுவில், முன்பு அதைப் பெற்றுப் படித்து முடித்தவர்கள் இருவருக்கு இடம் கொடுங்கள். பார்வையாளராக அல்ல, வாக்குரிமையோடு. உங்களோடு மாறுபட்டு வாக்களித்தால் வரவேற்றுக் கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு யாரும் அறிவுரை சொல்லப் போவதில்லை, நானும் சேர்த்து. பொருளாளர் ஐயாவிடம் கேட்டிருக்கின்றேன், அவரும் சம்மதித்திருக்கின்றார். மதிய உணவுக்குப் பிறகு இந்த ஆண்டுக் கணக்குப் புத்தகமும் பற்றுச்சீட்டுக் கோப்பும் மண்டபத்தின் வலப்பக்க மேசையில் இருக்கும். பார்க்க விரும்புகின்றவர்கள் பேனாவோடு வாருங்கள். நாலு மணி வரை நாங்கள் அங்கேயே இருப்போம்.